வெள்ளமட்டம்

பொன்னை ஆற்றில் தண்ணீர் இல்லை.
திருவலம் பாலத்துக்குக் கீழே கிணறுகள்தான் இருக்கின்றன.
மணலுக்குள் இறக்கிய செங்கல் கிணறுகள்,
யாரும் இறைக்காதவை.
அவற்றின் தலையில் தூண்கள்,
தூண்களின் தலையில் இரும்பு,
இரும்பின் மேல் நள்ளிரவு தாண்டி
பெங்களூர் மெயில்.

வ. சம்பங்கி, பாலப் பிரிவு, காட்பாடி.
சுத்தியலால் தட்டிக் காது கொடுப்பது என் வேலை.
இறுகிய ரிவெட் கணீரென்னும்.
தளர்ந்தது, விரிசல் விட்ட பானை.

"வெள்ளைக்காரன் கட்டினது, அசையாது"
என்பார் கேட்டருகே டீ போடும் துளசிராமன்.
அந்த ஆள் இந்தப் பக்கம் வந்ததே இல்லை அண்ணே.
சீமையில் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள்.
எத்தனையோ ஆறுகளை
மேசையில் உட்கார்ந்தபடியே கடந்தவர்.
இதற்கும் கப்பலில் ஒரு கேள்வி அனுப்பினார்,
அவ்வளவுதான்:
வெள்ளம் எவ்வளவு உயரம் வரும்?

பழைய கோப்பில் பதில் இருக்கிறது,
பூச்சி தின்றது போக.
நீர்க்கட்டி கன்னியப்பன்
கரைப் பனையில் ஏறி
வைக்கோல் சிக்கியிருந்த இடத்தில் கை வைத்தான்.
"இதுவரைக்கும்."
கீழே நின்றவர்கள் நூல் விட்டு அளந்தார்கள்.

ஓரத்தில், சிவப்பு மையில், துரையின் கை:
இந்த மக்கள் மிகைப்படுத்துவார்கள்,
இரண்டடி குறைக்கவும்.

அதற்கும் கீழே வேறொரு கை.
சென்னை ஆபீஸில் நகல் எடுத்த எவரோ.
பெயர் போடவில்லை.
மூன்றடி கூட்டியிருக்கிறார்.
காரணமும் எழுதவில்லை.
பயமாக இருக்கலாம்.
வெறும் கணக்குப் பிழையாகவும் இருக்கலாம்.

அப்படி உயர்ந்ததுதான் இந்தப் பாலம்.

ஆற்றின் பழைய பெயர் நீவா.
'நீ, வா' என்று சாமி கூப்பிட்டதாம்,
அபிஷேகத்துக்கு.
போன கார்த்திகையில் யாரும் கூப்பிடவில்லை.
கலவகுண்டா அணையைத் திறந்துவிட்டார்கள்
என்று போன் வந்த மூன்றாம் மணி நேரம்
வாழைமரம், வைக்கோல் போர், ஒரு நீலக் கேஸ் அடுப்பு,
கயிறோடு ஒரு கன்றுக்குட்டி,
எல்லாம் என் காலுக்குக் கீழே போயின.
ஏழாம் தூணில் டார்ச் அடித்துப் பார்த்தேன்.
கோப்பில் படித்த எண்.
கன்னியப்பன் கை வைத்த இடம்,
ஒரு விரல்கூட ஏறாமல், இறங்காமல்.
இரும்புக்கும் தண்ணீருக்கும் நடுவே
ஓர் அடி இருட்டு.

கன்ட்ரோலுக்குச் சொன்னேன்.
"சரியாப் பார்த்தீங்களாம்மா?
மழை வேற, இருட்டு வேற..."
அந்தக் குரலில் இரண்டடி குறைவதைக்
கேட்டேன்.
ரிவெட் கேட்கிற காது.

"இன்னும் ஏறுது சார்" என்றேன்.

ஏறவில்லை. நின்றிருந்தது.
இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.
மெயிலை முகுந்தராயபுரத்தில் நிறுத்தினார்கள்.
ஒன்றரை மணி நேரம்
ஆயிரம் பேர் என்னைத் திட்டியிருப்பார்கள்,
பெயர் தெரியாமலே.
நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு
பெயர் போடாத அந்த நகல்காரரை நினைத்தேன்.
அவருக்கும் இப்படி
வயிற்றைக் கலக்கியிருக்குமா?

பங்குனியில் ஏணி சாய்த்து
புது வெள்ளமட்டம் வரைகிறேன்.
வெள்ளைப் பெயின்ட், கறுப்பில் தேதி.
ஏழாம் தூண்தான் பையன்களுக்கு ஸ்டம்ப்.
ஆட்டத்தை நிறுத்தி அண்ணாந்து பார்க்கிறான்
பந்து போடுகிறவன்.
"அக்கா, அது எதுக்கு?"
"தண்ணி அதுவரைக்கும் வந்துச்சு."
"சும்மா சொல்லாதீங்கக்கா" என்று சிரிக்கிறான்.

சரி தம்பி.
ஏணியைக் கொஞ்சம் பிடித்துக்கொள்.
மணல் இளகலாக இருக்கிறது.