நாலு பத்து

இன்று காலை இரண்டு முறை கடலில் விழுந்தோம்.
பிறகு பசியாறப் போனோம்.
பந்திங் சாலையோரக் கடையில்
ரொட்டி சானாயைப் பிய்க்கும் விரல்களில்
உப்பு ஈரம் கூட இல்லை.

எங்கள் பட்டறை முன்பு உரக் கிடங்கு.
மழை பிடித்தால் இன்னும் யூரியா நாறும்.
நடுவில் ஆறு கால்களில் நிற்கிறது
இறக்கையும் வாலும் இல்லாத விமானம்:
ஒரு மூக்கு, இரண்டு இருக்கை,
சன்னல் முழுக்க நாங்கள் எழுதிய வானம்.
நிஜமானவை தலைக்கு மேல் போகின்றன
செம்பனை மட்டைகளை உரசுவதுபோல் தாழ்ந்து,
சிப்பாங்கை நோக்கி.
யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை,
குமுதவல்லியைத் தவிர.
சக்கரம் முழுதும் இறங்க எத்தனை நொடி என்று
அவள் உதடு எண்ணிக்கொண்டிருக்கும்.

ஒன்பது மணிக் கூட்டத்துக்குப் பெரட்டு என்று பெயர்.
யார் வைத்தார்களோ.
என் பெயர் தண்டல், முதுகுக்குப் பின்னால்.
வேய் லியோங் வாயில்கூட
அந்த ஒரு தமிழ்ச் சொல் பிசகாமல் வரும்.
கேட்காததுபோல் சிரித்துக்கொள்வேன்.
நியமனக் கடிதத்தில் இருப்பதைவிட
அதுவே பொருந்திய ஒரு வாரமும் உண்டு.

அந்த வாரம் உதறல் வந்தது.
தரை தொட்டு ஓடும் சோதனை,
கண்ணாடிபோல் ஓடுபாதை,
அதில் ஒரு குலுக்கல்.
தேநீர்க் கோப்பையை இடித்துவிட்டு
திரும்பிப் பாராமல் போகும் முழங்கை போல.
பதிவுக் கோட்டில் ஒரு முள்.
நாள்தோறும் நாலு பத்து,
சில நாள் நாலே கால்.
ஆணையத்தார் வர இன்னும் ஒன்பது நாள்.

கால்களை அசைக்கும் நிரல் யுவனேசன் எழுதியது.
சேர்ந்து எட்டு மாதம்.
பெரட்டில், பதினோரு பேர் முன்,
"கணக்குத் தெரியாதவனுக்கு விமானம் எதுக்கு?"
என்று கேட்டுவிட்டேன்.
அவன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.
அவ்வளவுதான்.
மூன்று இரவு பட்டறையிலேயே கிடந்தான்.
ஏழாயிரம் வரி.
ஒரு புள்ளிகூடத் தப்பில்லை.

நாலாம் நாள் எல்லாவற்றையும் மூடிவிட்டு
வாசலில் போய்க் குந்தினான்.
நாலு பத்து.
குலை ஏற்றி ஆலைக்குப் போகும் லோரி
எங்கள் கதவுக்கு நேரே மேட்டில் ஏறி
தொம்மென்று இறங்கியது.
உள்ளே,
மோட்டார் அணைத்து வைத்திருந்த விமானம்
தரை தொட்டதாகத் திரை சொன்னது.
அதே முள்.

"லோரிதான், அக்கா" என்றான்.
வேறெதுவும் சொல்லவில்லை.
வேறெதாவது சொல்லியிருக்கலாம்.

மறுநாள் பெரட்டில் மன்னிப்புக் கேட்டேன்.
பதினோரு பேர் முன் சொன்னதைப்
பதினோரு பேர் முன்தானே திரும்ப எடுக்கணும்.
பத்துப் பேர்தான் இருந்தார்கள்.
ஹலீமுக்குப் பல் வலி.
அவன் வந்த அன்று
இன்னொரு முறை கேட்டேன்.
கன்னம் வீங்கியபடி
என்ன நடக்கிறதென்று புரியாமல்
அவனும் தலையாட்டினான்.

லோரிக்காரரிடம் மெதுவாக ஓட்டச் சொன்னேன்.
"குலை காஞ்சா யாருங்க காசு தருவா?"
நியாயம்.
சிமெண்டுத் தரையை நாலாபக்கமும் அறுத்து
விமானத்தைத் தனித் தீவாக்கினோம்.
அடியில் வைத்த கித்தாக் கட்டைகள்
தாய்லாந்திலிருந்து வந்தன.
இங்கே இப்போது கண்ணுக்கெட்டிய வரை
செம்பனைதான்.

ஒன்பதாம் நாள்
ஆணையத்து கேப்டன் ஆறு முறை இறக்கினார்.
ஏழாவதில் காதுக் கருவியைக் கழற்றினார்.
"ரொம்ப வழவழப்பு. எந்த ஓடுபாதை இப்படி இருக்கு?"

யுவனேசன் என்னைப் பார்த்தான்.
முள்ளை அவன் அழிக்காமல் வைத்திருந்தான்,
வளைவோடு, அளவோடு.
"போடு" என்றேன்.

எட்டாவது இறக்கம்.
தொம்.
கேப்டன் ஒன்றும் பேசாமல் தாளில் குறித்தார்.

கோப்பின் பெயரை அப்போதுதான் திரையில் படித்தேன்:
தண்டல்.
மாற்றச் சொல்லவில்லை.
அவனும் மாற்றவில்லை.