ரிவர்ஸ்

செவ்வாய் இரவு ஒன்பதே கால்.
ஹொக்கிப் பிள்ளைகள் போன பிறகு
வியர்வை மணமும் நனைந்த ரப்பர் விரிப்பும்
எங்களுக்கு மிச்சம்.

வின்னிபெக்கில் பதினொரு குளிர்காலம் பஸ் ஓட்டியிருக்கிறேன்.
சில்லுகளுக்குக் கீழே ஐஸ் பழக்கம்.
காலுக்குக் கீழே இப்போதுதான்.

மகனின் ஹெல்மெட். அவன் பெயர் எழுதிய டேப்பை
உரிக்க மறந்துபோனேன்.
ஐந்து கிழமையாக இங்கே எல்லோருக்கும்
நான் நிருஜன்.

படிப்பிப்பவள் ப்ரியெல். வயது பத்தொன்பது.
முதல் பாடம் விழுவது.
"பக்கவாட்டில் விழுங்கள். கையை ஊன்ற வேண்டாம்.
விரல்களை மடக்கிக்கொள்ளுங்கள்."
விழுந்தோம்.
மரிட்டெஸ் ஒரு தாதி,
எலும்பு முறிந்தவர்களின் வார்ட்டிலிருந்து நேரே வருகிறவள்.
ஒவ்வொரு தடவையும் தப்பிய எலும்பை
பெயர் சொல்லிக் கும்பிட்டாள்.

நிற்பது எப்படியென்று
நான்காம் கிழமைதான் சொல்லித் தந்தாள்.
அதுவரை சுவர்தான் பிரேக்.
எங்கள் டிப்போவில் என்றால்
முதல் நாளே பிரேக்கைத்தான் காட்டுவார்கள்.

தமிழில் சறுக்கினாள் என்றால்
பிழைவிட்டாள் என்று அர்த்தம்.
யானைக்கும் அடி சறுக்கும் என்று
யானையைக் கூட்டிவந்து ஆறுதல் சொல்வோம்.
இங்கே சறுக்காமல் நிற்பவளைத்தான்
ப்ரியெல் கவலையோடு பார்க்கிறாள்.

"முழங்காலை மடியுங்கள். இன்னும். இன்னும்.
கைகள் முன்னுக்கு, ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி."
அது எனக்கு வரும்.
அன்றைக்கு மட்டும் வகுப்பில் நான் முதலாவது.

குதிகளைச் சேர்த்து நின்று
விரல்நுனிகளை விரித்துத் தள்ளி
மறுபடி கூட்டினால்
பனியில் ஒரு மீன் விழுகிறது.
ஓஸ்டாப்பின் மீன்கள் சுறா.
என்னுடையவை நெத்தலி.

ஐந்தாம் கிழமை அவள் சொன்னாள்,
"இன்றைக்குப் பின்னுக்கு."

பஸ் ஓட்டும் எங்களுக்கு ஒரு சட்டம் இருக்கிறது.
ரிவர்ஸ் எடுக்கக் கூடாது.
எடுத்தே ஆகவேண்டுமென்றால்
கொன்ட்ரோலைக் கூப்பிட்டுச் சொல்லி,
சுப்பவைசர் வந்து பின்னால் நின்று
கை காட்டும்வரை காத்திருக்க வேண்டும்.
பதினொரு வருடத்தில் பின்னுக்குப் போனது நாலு தடவை.
நாலுக்கும் கோப்பில் கடிதம் இருக்கிறது.

இங்கே கண்ணாடி இல்லை. பீப் பீப் இல்லை.
தோளுக்கு மேலால் ஒரு பார்வை, அவ்வளவுதான்.
பெருவிரல்கள் ஒன்றையொன்று பார்க்க
குதிகளை வெளியே தள்ளு.
கொஞ்சம் கூட முன்னுக்குச் சாய்ந்தால்
பிளேடின் பல் பனியைக் கடிக்கும்.
பின்னுக்குச் சாய்ந்தால்
கூரை விளக்குகளை எண்ணலாம்.
எண்ணினேன். இருபத்தெட்டு.

எழும்பி, மறுபடி.
மரிட்டெஸ் வாயைப் பிளந்தபடி
சின்னதாகிக்கொண்டே போனாள்.
ஏன் போகிறாள் என்று யோசித்தேன்.
போவது நான் என்று விளங்க
ஒரு கணம் எடுத்தது.

பின்னுக்குப் போகையில் ஊரை நினைத்தேன் என்று
எழுதச் சொல்லாதீர்கள்.
பின்னுக்கு என்றால் பின்னுக்குத்தான்.
நீலக் கோட்டிலிருந்து நடுச் சிவப்புக் கோடுவரை,
எட்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.
நினைத்தது முழங்காலை.

புதன் காலை. மைனஸ் முப்பத்தொன்று.
கடைசித் தரிப்பில், பஸ் திரும்பும் வளைவில்
பனி அள்ளும் வண்டியொன்று செத்துக் கிடந்தது.
முன்னுக்கு வழியில்லை.
கொன்ட்ரோலைக் கூப்பிட்டேன்.
இருபது நிமிடம் என்றார்கள்.

"பின்னால ஒருத்தரும் இல்லையே, எடுக்கலாம்தானே,"
கடைசி சீட்டிலிருந்து ஒரே பயணி, தமிழ்ப் பெடியன்.
எடுக்கலாம்தான்.
"சட்டம் தம்பி," என்றேன்.

சீட்டை ஒரு பிடி தள்ளிவிட்டேன்.
உப்பும் சேறும் உருகி ஊறிய விரிப்பில்
பூட்ஸின் குதிகளை வெளியே தள்ளி
உள்ளே கூட்டி
வெளியே தள்ளி

ஒரு மீன்.
வாலிலிருந்து தலைக்கு.