பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவே

ஏரிதான் எங்கள் விமானத்தளம்.
சனவரியில் உறைந்து மூன்று சாண் தடித்திருந்தது.
விமானம் இறங்கும்போது அடியில் ஏதோ முனகும்.
மீன்கள் வாடகை கேட்கின்றன என்பான் தாவெட்டி.

அவை பெட்டிகளில் வந்தன,
இறக்கை தனியாக, உடல் தனியாக,
படிக்க முடியாத மொழியில் ஒரு தடித்த புத்தகத்தோடு.
புத்தகத்தைப் படிக்கத் தெரிந்தவனும் கூடவே வந்தான்:
கார்சைட்,
ஹாலிஃபாக்ஸ் ஊர் பஸ் டிப்போவில் எஞ்சின் பார்த்தவன்.
பயண நோக்கம் என்ற இடத்தில்
'பால் பண்ணை இயந்திரம் பழுதுபார்க்க' என்று எழுதிக் கொடுத்துவிட்டுக்
கப்பலேறியிருந்தான்.
விரல் நுனி வெட்டிய கம்பளிக் கையுறை போட்டிருந்தான்.
தாவெட்டி அதைப் பார்த்தான்,
பிறகு மரங்களைப் பார்த்தான்.

முதல் காலை, பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தெட்டு.
கையுறையைக் கழற்றி எஞ்சின் மூடியைத் தொட்டான்.
கை வந்தது,
தோல் வரவில்லை.
அவன் அலறவில்லை.
தன் மொழியில் ஒரே ஒரு சொல் சொன்னான்.
எங்கள் அணி முழுவதும்
அன்றே கற்றுக்கொண்ட ஆங்கிலம் அது.

எண்ணெயை இரவில் எஞ்சினிலேயே விட்டால் விடிவதற்குள் தாராகிவிடும்.
வடித்து, வாளி வாளியாகச் சவுனாவுக்குச் சுமந்துபோய்
அடுப்போரம் வைத்து
விடியுமுன் சுடச்சுடத் திருப்பி ஊற்ற வேண்டும்.
இது அந்தப் புத்தகத்தில் இல்லை.
கட்டுப்போட்ட கையோடு வாளி தூக்கியபடி
அவனே அதன் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டான்.

எங்கள் சாவிகள் எதுவும் அவன் மரைகளுக்குப் பொருந்தவில்லை.
பன்னிரண்டு மில்லி நுழையாது.
பதின்மூன்று வழுக்கும்,
வழுக்கி முட்டியைப் பெயர்க்கும்.
அவன் நாட்டில் அங்குலத்தை
இரண்டாய், நாலாய், எட்டாய், பதினாறாய்
ரொட்டி மாதிரிப் பிட்டுக்கொண்டே போவார்களாம்.
இடுப்பில் சுருட்டிக் கட்டிய துணியில்
ஒன்பது சாவிகள் வைத்திருந்தான்.
தூங்கும்போது அது தலையணைக்குள் போய்விடும்.

விமானம் கிளம்பிப் போனபின்
அவன் வானத்தைப் பார்த்ததே இல்லை.
பனியில் நின்று, விரல்களை மட்டும் மெல்லத் திருப்புவான்,
காலையில் முடுக்கிய ஒவ்வொரு திருகையும்
மறுபடி முடுக்குபவன் போல.
பிப்ரவரி பத்தொன்பது, மூன்று போனது, இரண்டு வந்தது.
அன்று இரவு விளக்கணைந்த பிறகும்
அவன் கட்டிலில் அந்த விரல்கள் திரும்பிக்கொண்டிருந்தன.

மார்ச் பதின்மூன்று.
வானொலி சமாதானம் என்றது,
கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது.
யார் செத்தது என்று கேட்டான்.
எனக்கு அவன் மொழியில் அவ்வளவு இல்லை.
வரைபடத்தில் தாவெட்டியின் ஊர் இருந்த இடத்தை
உள்ளங்கையால் மூடிக் காட்டினேன்.

வசந்தத்தில் வடக்கு வழியாகப் போகச் சொன்னார்கள்.
லாரியில் ஏறியவன் இறங்கி வந்து
துணிச்சுருளை என் கையில் வைத்தான்.
பரிசா என்றேன்.
இல்லை, கடன், திருப்பித் தர வேண்டும் என்று
முழுதாக ஃபின்னிஷில் சொன்னான்.
இலக்கணம் தப்பு. கண்டிப்பு சரியாக இருந்தது.

நாற்பத்தொன்று, டிசம்பர் ஆறு.
சுதந்திர தினம்.
சன்னல்தோறும் இரண்டு மெழுகுவர்த்திகள் தயார்,
ஏற்றினால் குண்டு விழும் என்று
ஏற்றாமலே வைத்திருந்தார்கள்.
இங்கிலாந்து எங்கள்மேல் போர் அறிவித்துவிட்டதாக
வானொலி சொன்னது,
வானிலை அறிக்கை வாசிக்கும் அதே குரலில்.
கொட்டகையில் யாரும் எதுவும் பேசவில்லை.
ஒருவன் மட்டும், கார்சைட்டின் அந்த ஒற்றைச் சொல்லை
மிகச் சரியான உச்சரிப்பில் சொன்னான்.

அன்று மாலையும் அதே விமானம்,
அதே மூடி, அதே மரை.
துணிச்சுருளை அவிழ்த்தேன்.
நான்காவது சாவியை அக்குளில் வைத்துச் சூடேற்றினேன்.
பன்னிரண்டு நுழையாது.
பதின்மூன்று வழுக்கும்.
எதிரியினுடையது கச்சிதமாக உட்கார்ந்தது.

தாவெட்டி விளக்கை
இன்னும் கொஞ்சம் கிட்டே பிடித்தான்.