கைப்பிடி அகலம்

கைப்பிடி முப்பத்தோரு அங்குலம்,
கதவு முப்பத்து மூன்று.
கண்ணாடிகளை அளக்க மறந்துவிட்டேன்.

செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய ஆறு தகரம்
காய்கறி லாரியில் மலையேறியது.
இருபது வளைவிலும் அது போட்ட கூச்சலை
டிரைவர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.
லூர்துராஜ் வெல்டிங் வைத்துக் காசு வாங்கிப் போனபின்
புல்லட்டைத் தள்ளினால்
கண்ணாடிகள் இரண்டும் சட்டத்தில் முட்டி நின்றன.
ஸ்பானர் எடுத்துக் கழற்றினேன், வேறென்ன செய்ய.

நாகலூரில் ஐப்பசி முடிந்தால்
பனி படியேறி உள்ளேயே வரும்.
தீப்பெட்டி நமுக்கும். உப்பு ஒழுகும்.
துடைக்காத செயின் மூன்றே நாளில்
செம்மண் நிறம்.

டேங்கை விளிம்புவரை நிரப்பினேன்,
காலியிடத்தில்தான் துரு பிடிக்குமாம்.
சைலன்ஸர் வாயில் பழைய பாவாடைத் துணி;
போன வருஷம் எலி குட்டி போட்டது அங்கேதான்.
ஸ்டாண்டுக்கு அடியில் பலாப்பலகை.
பேட்டரி மட்டும் வீட்டுக்குள்,
அரிசி டின்னுக்குப் பக்கத்தில்.

'மாசி வரைக்கும்தானே' என்கிறான் அமலன்.
டாக்டரம்மா எழுதிக்கொடுத்த தேதியும் மாசிதான்.
அதுவரை பஸ். ஜன்னலோரம்.
வளைவுக்கு ஒரு எலுமிச்சை மிட்டாய்.

இன்று காலை சில்வர் ஓக்
தகரத்தின்மேல் சொட்டிக்கொண்டிருந்தது.
தார்ப்பாயை விலக்கி
உட்கார்ந்து பார்க்கலாமென்று காலைத் தூக்கினேன்.
வயிறு டேங்கில் இடித்தது.
இறங்கி, திரும்பப் போர்த்திவிட்டு வந்தேன்.

ஒரு கண்ணாடி சமையலறை ஆணியில் தொங்குகிறது.
அடுப்பைப் பார்த்து நின்றால் வாசல் தெரியும்,
ஷெட் தெரியும்,
அதற்கப்பால் வெறும் வெள்ளை.

இன்னொன்றை எங்கே வைத்தேன் என்று
நினைவில்லை.