நடுப்பக்கம்

மேலாமுறிப் பழைய பேப்பர்க் கடையில்
மற்ற குப்பையோடு நிறுத்து வாங்கியது.
'ஒலவக்கோடு ரயில்வே காலனி
மாதர் சங்கச் சமையல் குறிப்புகள், 1958.
விலை பன்னிரண்டணா.'
அணாவை அடித்துவிட்டு
எழுபத்தைந்து நயாபைசா என்று
யாரோ மையால் திருத்தியிருக்கிறார்கள்.

இந்தப் பக்கமிருந்து திறந்தால் சைவம்.
தலைகீழாகப் புரட்டி
அந்தப் பக்கமிருந்து திறந்தால் மற்றது.
செயற்குழுவில் எத்தனை நாள் சண்டையோ,
இரண்டுக்கும் தனித்தனி அட்டை,
இரண்டிலும் ஒரே எஞ்சின், ஒரே புகை.

குண்டக்கல்லிலிருந்து மாற்றலாகி வந்த
டிரைவர் வீட்டு வரலக்ஷ்மம்மா
சொல்லச் சொல்ல யாரோ எழுதியது:
'இந்த ஊரில் கோங்கூரா இல்லை.
இரும்பன்புளி போட்டேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.'
அவ்வளவுதான். அதற்குக் கீழே அளவு.

புதுநகரம் ஜெமீலா பீவிக்கு அளவே கிடையாது.
'எத்தனை பேர் வருகிறார்கள் என்று
முதலில் கேட்டுக்கொள்ளவும்.'

போத்தனூர் ஐவி ரொசாரியோ
கடிகாரத்தை நம்பாதவள்:
'மங்களூர் மெயில் பாலம் ஏறும்
சத்தம் கேட்கும்வரை வெங்காயத்தைக் கிண்டு.'
போன வியாழக்கிழமை நம்பிக் கிண்டினேன்.
மெயில் ஐம்பது நிமிஷம் லேட்.
என் மெஸ்ஸில் பதினாறு பேர்
கரிந்த வெங்காயம் தின்றார்கள்.
ஒருத்தர் மட்டும் இன்னும் கொஞ்சம் கேட்டார்.

உள்ளே பிழைதிருத்தத் துண்டுச்சீட்டு:
'நாற்பத்தோராம் பக்கம்
மொளகூட்டலில் உப்பு விட்டுப்போனது.
சகோதரிகள் பொறுத்தருள்க.'
ஓரத்தில் பென்சில்: 'நாங்கள் போட்டுக்கொண்டோம்.'

இரண்டு புத்தகமும் வந்து முட்டும் இடம்
ஊறுகாய்.
அங்கே மட்டும் பிரிக்க முடியவில்லை,
அறுபது வருஷத்து நல்லெண்ணெய்.
இட்லிக் கொப்பரை ஆவியில் காட்டிக் காட்டி
கத்தி முனையால் மெல்ல நெம்பினேன்.
வரலக்ஷ்மம்மாவின் ஆவக்காய் மேல்
ஐவியின் இறால் ஊறுகாய்
இடம்வலம் மாறிப் பதிந்திருந்தது.
எழுத்துக் கூட்டிப் பார்த்தேன்,
எது யார் மிளகாய் என்று பிடிபடவில்லை.

பாத்திரம் கழுவுகிற பிபின், ஒடிஷாக்காரன்,
கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு
வாங்கிப் பார்த்தான்.
"தலைகீழாப் பிடிச்சிருக்கேடா" என்றேன்.
சொன்ன பிறகுதான் கவனித்தேன்,
அவன் பிடித்த பக்கம் நேராகத்தான் இருந்தது.

அவன் படிக்கவில்லை. மோந்து பார்த்தான்.
ஊறுகாய்ப் பக்கத்தில் மூக்கை வைத்து
நிறைய நேரம்.
"கடுகெண்ணெய் இல்லேக்கா" என்றான்,
ஒரு குறை சொல்கிற குரலில்.

நாளைச் சந்தைச் சிட்டையில்
வெங்காயத்துக்கும் சோடா உப்புக்கும் நடுவே
இடுக்கி எழுதிவைத்தேன்:
கடுகெண்ணெய், அரை லிட்டர்.