கட்டியா, தண்ணியா

பலகை ஐந்து மொழிகளில் சொன்னது.
எனக்குத் தெரிந்த ஒரே மொழியிலும் சொன்னது:
டயப்பர் போட்ட குழந்தைகள்
குளத்தில் இறங்கக் கூடாது.

கால் மட்டும்தானே என்றேன் கிளின்ட்டிடம்.
பிளாஸ்டிக் கோப்பையைத் தூக்கிக் காட்டினான்,
அதுதான் அவன் சம்மதம்.
அமரில்லோவில் எங்கள் வீட்டுப் பக்கம்
பதினோரு மாதமாய் மழை இல்லை.
இரண்டு வயது ஓடெல்
இவ்வளவு தண்ணீரை
ஒரே இடத்தில் பார்த்ததில்லை.
இருபது மாதத் தவணையில் வாங்கிய கடல்.

கால் முழங்காலாயிற்று,
முழங்கால் இடுப்பாயிற்று.
அந்தச் சின்னக் குளத்தில் முப்பது பிள்ளைகள்.
ஆளுக்கொரு வாய் குடித்தார்கள்,
ஆளுக்கொரு வாய் உமிழ்ந்தார்கள்.
வெயில் கிரீம்
ஆறிய சூப்பின் மேல் எண்ணெய் போலக் கிடந்தது.
கழன்ற பிளாஸ்திரி ஒன்று
தன் முழங்காலைத் தேடிக்கொண்டிருந்தது.
ஆனாலும் நீலம்.
நீலமாய் இருப்பதை யாரும் சந்தேகிப்பதில்லை.

பிறகு ஓடெல் அசையாமல் நின்றான்.
பெற்றவளுக்குத் தெரியும் அந்த நிற்பு.
கண் எங்கோ தூரத்தில்,
மெக்சிகோவை முதலில் பார்த்தவன் இவன்தான் என்பது போல.

தூக்கினேன். கனத்தான்.
அவன் நின்ற இடத்தில்
நீலத்துக்குள் ஒரு சிறு மேகம்
கலையலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

நான் ஓடவில்லை.
ஓடினால் தெரிந்துவிடும்.
கோடு போட்ட துண்டில் அவனைச் சுற்றி
ஐஸ்கிரீம் வரிசையைத் தாண்டி நடந்தேன்.
லிஃப்டில் முத்துமாலை போட்ட ஒருத்தி.
அவள் மூக்குக்குத் தெரிந்துவிட்டது;
உதடு மட்டும் ஏழு தளமும் சிரித்தபடி வந்தது.

கேபின் குளியலறை
நிறுத்தி வைத்த அலமாரி அளவு.
கழுவக் கழுவ அவன் கை தட்டினான்.
நான் நகங்களுக்கு மூன்று முறை சோப்புப் போட்டேன்.

செருப்பு ஒன்று குறைந்தது.
மஞ்சள். வாத்துப் படம் போட்டது.
அதற்காகத்தான் திரும்பிப் போனேன்.
அதற்காக மட்டும்தான்.

குளத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது.
கயிற்றைப் பிடித்தபடி பிள்ளைகள்,
ஈரம் காயக் காய நடுங்கிக்கொண்டு.
“சிலருக்குப் பெறத்தான் தெரியும்,
வளர்க்கத் தெரியாது”
என்றாள் அகலத் தொப்பிக்குள்ளிருந்து மிஸஸ் ப்ரூயிட்.
ஆமாம் என்றேன்.
அவளுக்குக் கேட்கவில்லையோ என்று
இன்னொரு முறையும் சொன்னேன்.

நெஞ்சில் அட்டை: ஹோவென்சியோ.
அதன் கீழே ஊர்: இலோய்லோ.
மண்டியிட்டு
கண்ணாடிக் குழாயில் குளத்தைக் கொஞ்சம் பிடித்து
எதையோ சொட்டுச் சொட்டாய் விட்டு
நிறம் மாறக் காத்திருந்தான்.
பிறகு எழுந்து வந்து
வாத்துச் செருப்பை நீட்டினான்.
குளோரின் வாடை. கழுவியிருந்தான்.
உங்களுடையதா என்று கேட்கவில்லை.

“மேடம், ஒன்று மட்டும் சொல்லுங்கள்.
கட்டியா, தண்ணியா?”

நான் செருப்பின் வாரைச் சரிசெய்தேன்.

“கட்டி என்றால் சாயங்காலத்துக்குள் திறந்துவிடலாம்.
தண்ணி என்றால் வேறு அளவு, வேறு கணக்கு.
நாளை வரை யாரும் இறங்க முடியாது.
மாற்றிச் சொன்னால்
இவர்கள் குடிப்பார்கள்.”
வானிலை சொல்வது போலச் சொன்னான்.

கயிற்றோரம் ஒரு சிறுமி
நீச்சல் கண்ணாடியைக் கழற்றவே இல்லை.
இரண்டு கை மிதவைகளிலும் முழுக் காற்று.
ஒரு காலை முன்னால் வைத்து,
விசில் ஊதினால் போதும் என்பது போல்
என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு சொல்லுக்கும் எழுத்து மூன்றுதான்.

“தண்ணி.”

கப்பல் திரும்பிக்கொண்டிருந்தது. ஒரே காற்று.
“என்ன மேடம்?”

அகலத் தொப்பி என் பக்கம் திரும்பியது.

“தண்ணிதான்.
காலையிலிருந்தே.
இது மூன்றாவது தடவை.”

காதிடுக்கிலிருந்து பென்சிலை எடுத்தான்.
“நேரம்?” என்றான்.