நாற்பத்தொரு நிமிடம்

விடிய இன்னும் நெடுநேரம்.
வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
கத்தியின் சத்தத்துக்குப் பூனை மட்டும் எழுந்து வந்தது.

வான்கோழித் தொடை இரண்டு,
தோலை உரித்து, எலும்போடு.
கேரட்டை கராஜில் விட்டுவைத்தது என் தவறு,
பாதி ஐஸாகி, பலகையில் கல்லாய் உருண்டது.
செலரி, டர்னிப், உருளை,
இரண்டு கைப்பிடி பார்லி.
கிழங்கெல்லாம் அடியில், கறி மேலே.
எது வேக மறுக்குமோ அது சூட்டுக்குப் பக்கத்தில்.
எங்கள் டிப்போவிலும் அதுதான் முறை:
ஏரிக்கரைச் சாலை எப்போதும் எனக்கு.

ஸ்லோ குக்கரின் குமிழைக் குறைந்த சூட்டில் நிறுத்தினேன்.
எட்டு மணி நேரம்.
மூடியைத் திறக்காதீர்கள், திறந்தால்
அரை மணி நேரச் சூடு வீண்
என்று பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறான்.
திறக்க ஆளில்லாத வீட்டில்
அது சுலபமான கட்டளை.

பிறகு வண்டி.
சுப்பீரியர் ஏரி மேலிருந்து காற்று
பனியைக் குறுக்காக அள்ளி வீசியது.
தள்ளிவிட்டுத் திரும்பினால்
தள்ளிய தடமே இல்லை.
ஆறு மணிக்கு நினைத்தேன், பார்லி ஊதியிருக்கும்.
ஏழரைக்கு, எலும்பு பிடி தளர்ந்திருக்கும்.
வானொலியில் செலெஸ்டா
சாய்ந்த மின்கம்பங்களை வாசித்துக்கொண்டிருந்தாள்.
என் தெருவின் பெயர் போலக் கேட்டது.
எட்டு மணிக்கு அந்தத் தெருவையே தள்ளினேன்.
இருட்டுச் சன்னல்கள்.
தூங்குகிறார்கள், கொடுத்துவைத்தவர்கள் என்று
கியரை மாற்றினேன்.

நண்பகலில் கதவைத் திறந்ததும் மணம் வந்து மோதியது.
ஆனால் அவன் அடுப்பின் கடிகாரம்
பன்னிரண்டு பன்னிரண்டு பன்னிரண்டு என்று
கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.
உண்மையிலேயே மணி பன்னிரண்டுதான்,
அதனால் ஒரு கணம் நம்பிவிட்டேன்.

மின்சாரம் போயிருக்கிறது. எவ்வளவு நேரம்?
பானையைத் தொட்டேன், சூடு.
ஐந்து நிமிடம் போயிருந்தாலும் இதே சூடு,
மூன்று மணி நேரம் செத்துப் பிழைத்திருந்தாலும் இதே சூடு.
கறி பொய் சொல்லாது.
ஆனால் உண்மையை வயிற்றுக்குள் போன பிறகுதான் சொல்லும்.

எதிர்வீட்டு லவான் தூங்கிவிட்டாளாம்.
மூலைவீட்டுப் பையன்களில் ஒருவன்
இப்படிப் போய் இப்படி வந்தது என்றான்,
காலை முழுக்க இல்லை என்றான் இன்னொருவன்.
இருவரும் ஒரே சோபாவில்.

வெண்டல் கோஸ்கி கதவுக்கு வர நேரமானது.
மூக்கில் குழாய்.
அவருக்குப் பின்னால் சுவரோரம்
ஓர் இயந்திரம் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.
நாற்பத்தொரு நிமிடம் என்றார், யோசிக்காமல்.
ஏழு ஐம்பத்திரண்டு முதல் எட்டு முப்பத்துமூன்று வரை.
கைச்சிலிண்டரின் முள்ளைக் காட்டினார்:
சிவப்பைத் தொட அரை விரல்.

ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லையா?
கூப்பிடலாம்தான், எப்படி உள்ளே வரும், நோரீன்,
என்று சன்னலைப் பார்த்தார்.
அவர் வாசலுக்குக் குறுக்கே இடுப்பளவு வெள்ளைச் சுவர்.
எட்டு மணிக்கு நான் கட்டியது.

ஒன்றும் பேசாமல் மண்வெட்டி எடுத்தேன்.
மேல்பகுதி மாவு, அடி சிமென்ட்.
வெட்டி முடித்தபோது கையுறைக்குள் விரல்கள் என்னுடையவை இல்லை.

பிறகு வீட்டுக்குப் போய்
குக்கரை அப்படியே துண்டில் கட்டித் தூக்கி வந்தேன்.
அவருடைய இயந்திரத்துக்குப் பக்கத்துப் பிளக்கில் செருகினேன்.
ஒன்று மூச்சுவிட, ஒன்று முணுமுணுக்க.

மூடியைத் திறந்தோம்.
தொடைக்கறி கரண்டி பட்டதும் எலும்பைக் கைவிட்டது.
வெண்டல் ஒரு டர்னிப்பை எடுத்து
ஸ்பூனால் அழுத்தினார். வழுக்கி ஓடியது.
இது இன்னும் வேகணும் என்றார்.

ஆக்கப் பொறுத்தாயிற்று, இனி என்ன.
மூடினோம்.
திறந்ததற்கு அரை மணி,
மின்சாரம் தின்றதற்கு நாற்பத்தொன்று.
கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டேன்.

பூனைக்கு எலும்பு கொண்டுபோவாயா என்று கேட்டார்.
வெந்த எலும்பு ஆகாது, சிதறிக் குத்தும் என்றேன்.
ஓ, என்றார்.
பனி மறுபடி ஆரம்பித்திருந்தது.